எட்டாவது மலைக்குப் பதினெட்டு நிமிடம்

சித்தூரில் மோகன்ராஜைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரியும். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். அவர் ஒரு காலத்தில் ராக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். முதல் விஷயத்தை மேசைமேல் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதை அவரே சொல்லிவிடுவார். பென்ஷன் காகிதத்தோடு வந்து வெயிலில் நின்ற ஒரு முதியவருக்குக்கூட ஒருமுறை முழுசாகச் சொல்லியிருக்கிறார்.

குழுவின் பெயர் ‘எய்ட்த் ஹில்’. திருப்பதிக்கு ஏழு மலை, எட்டாவது நாங்கள் என்று இருபத்து மூன்று வயதில் வைத்த பெயர். அந்த வயதில் வைக்கிற பெயர்களுக்காக யாரும் யார்மீதும் கேஸ் போடுவதில்லை. 1996-இல் திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் ராக் திருவிழா நடந்தது. அதில் அவர்கள் வாசித்தார்கள். வந்த கூட்டம் எண்ணூறு பேர். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி மாட்டிக்கொண்டதால் வெளியே போக முடியாமல் நின்றவர்களும் அதில் சேர்த்தி. மோகன்ராஜுக்குக் கல்யாணம் ஆனபோது அந்தக் கூட்டம் மூவாயிரமாக இருந்தது. மகள் தரணி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆறாயிரம். ஃபேஸ்புக் வந்த பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. என்றைக்கோ முடிந்துபோன கச்சேரிக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போடுவார். ‘ராக் என்பது இசை அல்ல, ஒரு நிலைப்பாடு’ என்கிற மாதிரி. நாற்பது பேர் விருப்பக்குறி இடுவார்கள். அவர்களில் முப்பத்தெட்டுப் பேர் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள்.

இத்தனையும் தெரிந்த சித்தூருக்கு மூன்றாவதாக ஒரு விஷயம் தெரியாது. அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு வருஷமாக மரத்துக் கிடந்தன. சுகர் பதினைந்து வருஷத்துப் பழக்கம். முதலில் கால் கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு இதுகள். நெருப்பாகச் சுடும் காபித் தம்ளரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி பிரமிளா, மனுஷனுக்கு வயசானதும் நிதானம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் மறுக்கவில்லை.

தரணிக்கு இருபத்தேழு வயது. பெங்களூரில் பெரிய பெரிய இசைத் திருவிழாக்களை நடத்தித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. ஜூலை மாதம் ஒரு நாள் மதியம் போன் செய்தாள்.

“நைனா, நம்ம வடமாலபேட்டைல ரெண்டு நாளு ராக் ஃபெஸ்டிவல் பண்றோம். அதுல லெகசி ஸ்லாட்னு ஒண்ணு கீது. பழைய பேண்ட் வோணுமாம். உங்க மூணு பேரும் உசுரோட கீறீங்க இல்ல?”

“இன்னாம்மா கேள்வி இது?”

“ஃபார்ம்ல கேட்டுக்கினு கீது. டிக் பண்ணணும்.”

“கீறோம். எவ்ளோ நேரம் குடுப்பாங்க?”

“பதினெட்டு நிமிஷம்.”

“எங்க ஒரு பாட்டே இருபத்தஞ்சு நிமிஷம் வரும்மா.”

“அப்போ ஏழு நிமிஷம் கொறச்சுக்கோ.”

மோகன்ராஜ் நிலைப்பாடு எதையும் எடுக்கவில்லை. சரி என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் வாசிப்பதைத் தரணி ஒரு தடவை கேட்க வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கிடாரை பீரோமேல் சூட்கேஸுக்குப் பக்கத்தில் உறை போட்டுப் படுத்திருக்கும் ஒரு சாமானாகத்தான் பார்த்திருக்கிறாள். ஒன்பது வயதில் ஒருமுறை எடுத்து வாசிக்கச் சொன்னாள். கம்பி அறுந்திருந்தது. வாங்கி மாட்டலாம் என்றார். அப்புறம் மதனபள்ளிக்கு டிரான்ஸ்ஃபர், அப்புறம் பிரமோஷன், அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். விரல் விஷயத்தைச் சொன்னால் இந்தப் பதினெட்டு நிமிடமும் வேறு யாருக்காவது போய்விடும். ஆகவே சொல்லவில்லை. கை மறந்தாலும் விரல் மறக்காது என்று தனக்குத் தானே ஒரு பதிவு போட்டுக்கொண்டார்.

பதினெட்டு நிமிடத்தில் அடங்கும் மூன்று சின்னப் பாட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ராம்ப்ரசாத் வீட்டு மாடியில் பயிற்சி. ராம்ப்ரசாத் குழுவின் கிடார்க்காரர், பாடகரும் அவரே. கோயில் கைங்கரியம் செய்யும் வைஷ்ணவக் குடும்பம். 1996-இல் குழுவில் நிஜமாகவே நீள முடி இருந்தது அவர் ஒருவருக்குத்தான், அது குடுமி. மழித்த முன்மண்டையைக் கறுப்புக் கைக்குட்டையால் மூடிக்கட்டி, குடுமியை அவிழ்த்துத் தொங்கவிட்டால் சாட்சாத் ராக் பாடகர். மறுநாள் காலை எண்ணெய் தடவி முடிந்துகொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். மூன்றாவது ஆள் தாமோதரன், டிரம்ஸ். புத்தூரில் பெயிண்ட் கடை.

கம்பெனியின் வழக்கப்படி ஒவ்வொருவரும் வாசிப்பதைத் தனித்தனியாகப் பதிந்து ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். விளக்கு, பெரிய திரை, புகை எல்லாமே அந்தக் கணக்குப்படிதான் ஓடுமாம். பதியும்போது மோகன்ராஜ் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பார்க்காவிட்டால் அந்த இரண்டு விரலும் கம்பிமேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

“ஏண்டா மோகன், கையையே பார்த்துண்டிருக்கே? கரண்ட் பில்லா அது?” என்றார் ராம்ப்ரசாத்.

“கண்ணாடி பவர் மாறிடுச்சு,” என்றார் மோகன்ராஜ்.

கண்ணாடிக்கும் பேஸ் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று ராம்ப்ரசாத் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் அவருக்குச் கோயிலில் சாயரட்சைப் பூஜைக்குப் போக வேண்டியிருந்தது.

திருவிழா நடந்த இடம் வடமாலபேட்டைக்கு வெளியே, சென்னை ரோட்டை ஒட்டிய ஒரு ரியல் எஸ்டேட் வெஞ்சர். வீடு ஒன்றும் வரவில்லை. நம்பர் போட்ட எல்லைக்கல்லும் முப்பத்து மூன்று அடி ரோடுகளும் நுழைவு வளைவும் மட்டும் வந்திருந்தன. பெரிய மேடை 112-லிருந்து 140-ஆம் மனை வரைக்கும் நின்றது. எய்ட்த் ஹில் குழுவுக்கு ஒதுக்கிய கூடாரம் 87-ஆம் மனை, கிழக்குப் பார்த்தது. தாமோதரன் எல்லைக்கல்லை இரண்டு தடவை சுற்றிவந்து, “கார்னர் பிட்டுடா, நல்ல ரேட் போவும்,” என்றார்.

காலை ஒன்பது மணிக்குச் சவுண்ட் செக். 1996-இல் மைக்செட் போட்டவர் நகரி ஏகாம்பரம். பிள்ளையார் பாட்டு ஒன்று முழுசாக ஓடி முடியாமல் ஆம்ப்ளிஃபயரில் யாரையும் கைவைக்க விடமாட்டார். முடிந்ததும், “இப்ப இன்னா வோணா கத்திக்கங்கப்பா,” என்று பீடியைப் பற்றவைத்து ஜெனரேட்டர் பக்கம் போய்விடுவார். குழாய் ஸ்பீக்கரில் மோகன்ராஜின் பேஸ், தூரத்தில் லாரி ரிவர்ஸ் எடுப்பது போலக் கேட்கும். ஆனாலும் கேட்கும்.

இப்போது அந்த இடத்தில் யஸ்வந்த் என்ற பையன் கையகல டேப்லெட்டோடு நின்றிருந்தான். இருபத்தாறு வயது. மரியாதையான பிள்ளை.

“அங்கிள், சும்மா ரெண்டு லைன் வாசிங்க. லெவல் பாத்துக்கறேன்.”

தரணி அவன் பக்கத்தில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு யாரோடோ தெலுங்கில் கழிப்பறைத் தண்ணீர் டேங்கர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மோகன்ராஜ் வாசித்தார். அவள் திரும்பி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு டேங்கரை நோக்கிப் போய்விட்டாள்.

சந்தோஷம் வரவேண்டிய இடம் இது என்று மோகன்ராஜுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. கிடாரைத் தாங்கியில் சாய்த்துவிட்டு இறங்கிவந்தார்.

மதியத்துக்குமேல் ஜனம் வந்தது. பன்னிரண்டாயிரம் பேர் என்றார்கள். வளைவிலேயே சிப் வைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டதால் இந்தக் கூட்டம் அடுத்த வருஷம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. மோகன்ராஜ் கூடாரத்து நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். அவர் காலத்தில் ராக் திருவிழாவுக்குப் போகிறவன் வீட்டில் கம்பைன்ட் ஸ்டடி என்று சொல்லிவிட்டு வருவான். இங்கே பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கைக்குழந்தைகளின் காதில் சத்தம் கேட்காத மூடி. ராகிக்கூழுக்கு ஒரு வரிசை, புளியோதரைக்கு ஒரு வரிசை, மூச்சுப் பயிற்சிக் கூடாரத்துக்கு ஒரு வரிசை. பாதிப் பேர் காலையில் மலையேறித் தரிசனம் முடித்து, மொட்டையும் சந்தனமுமாக நேரே வந்திருந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. இடித்தால் சாரி சொன்னார்கள். இந்த இளைஞர்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுவதற்கு ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். குப்பையைக்கூடப் பிரித்துத்தான் போட்டார்கள்.

குறை கிடைக்காத இடத்தில் ராம்ப்ரசாத் கிடைத்தார். அவரைச் சுற்றிப் பதினைந்து பேர். மழித்த முன்மண்டையும் பின்னால் முடிந்த கொண்டையுமாக நின்ற அறுபத்தைந்து கிலோ மனிதரைப் பார்த்து, “அங்கிள், செம ஸ்டைல். எந்த சலூன்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எங்க தாத்தா சலூன்மா,” என்றார் ராம்ப்ரசாத். “நான் கட்டறதுக்கு முன்னாடியே எங்காத்துல ஐநூறு வருஷமா கட்டிண்டிருக்கா.”

அவர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராம்ப்ரசாத் கூடாரத்துக்கு வந்து கறுப்புக் கைக்குட்டையைப் பைக்குள்ளேயே திணித்தார். “இதை இனிமே எதுக்குடா கட்டணும்? மறைக்க வேண்டியதைத்தான் கொழந்தைகள் கேக்கறதுகள்.”

நாலரை மணிக்கு மேடை. மேடையின் விளிம்பில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம் பதினெட்டிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. காதில் சின்ன ஸ்பீக்கர் செருகியிருந்தார்கள். ராம்ப்ரசாத் பாடினார், குரல் கம்மியிருந்தது, பரவாயில்லை. தாமோதரன் டிரம்ஸுக்குப் பதிலாக வைத்திருந்த ரப்பர்த் தகடுகளைப் பெயிண்ட் டப்பா மூடியைத் தட்டுவது போலத் தட்டினார்; அது டிரம்ஸாக வெளியே போனது. காதில் பேஸ் சுத்தமாகக் கேட்டது. ஒரு பிசிறில்லை. இரண்டாவது பாட்டில் சுண்டு விரல் கம்பியை விட்டு நழுவியதைக் கண்ணால் பார்த்தார். காதில் ஒன்றும் நழுவவில்லை. இத்தனை சத்தத்தில் தப்பு அமுங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். மனிதனுக்கு வசதியான காரணங்கள் உடனே கிடைக்கும்.

கூட்டம் தலையை ஆட்டியது. பன்னிரண்டாயிரம் பேரில் பாதியாவது ஆட்டியது. மேடையோரத்தில் தரணி நின்றிருந்தாள். ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டிருக்கவில்லை; ஆனால் யாரோடும் பேசவில்லை. கையிலிருந்த போனைப் பார்க்கவுமில்லை. பதினெட்டு நிமிடமும் அவரையே பார்த்தாள். கடிகாரத்தில் பூஜ்யம் விழுந்தது, விளக்கு மாறியது, கைதட்டல் வந்தது, அடுத்த குழுவின் சாமான்கள் சக்கரத்தில் உருண்டு வந்தன.

முப்பது வருஷம் காத்திருந்த காரியம் முடிந்தது. மோகன்ராஜ் படியிறங்கும்போது இடது கால் படியில் பட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

கீழே யஸ்வந்த் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“சூப்பர் அங்கிள். மேடைல ஒங்க ப்ரெசென்ஸ் வேற லெவல்.”

“சவுண்டு எப்டிப்பா இருந்துச்சு? பேஸ் வெளிய தெளிவா கேட்டுச்சா?”

“ஃபுல்லா கேட்டுது. டென்ஷனே இல்ல அங்கிள், ஒங்க லைன் மியூட்ல தானே இருந்துச்சு.”

மோகன்ராஜ் அவனைப் பார்த்தார்.

“அப்ப வெளிய கேட்ட பேஸு?”

“நான் சிஸ்டம்ல பண்ணது. லெகசி பேண்டு எல்லாத்துக்கும் எதாவது ஒண்ணு ரெண்டு லைன் அப்டித்தான் ஓட்டுவோம் அங்கிள், சேஃப்டிக்கு. பத்து நிமிஷ வேலை.” பையனுக்கு முகத்தில் கள்ளமே இல்லை. “தரணி அக்கா சொல்லலியா? சொல்லியிருப்பாங்கன்னு...”

“சொன்னா, சொன்னா,” என்றார் மோகன்ராஜ். “மறந்துட்டேன்.”

87-ஆம் மனைக்கு நடந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். ஒரு சூப்பரின்டெண்டுக்குக் கோபம் எழுந்து வருவதற்கென்று ஒரு பாதை உண்டு: முதலில் காது சூடாகும், பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். காது சூடாகவில்லை. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கூடாரத்தில் தாமோதரன் இல்லை, மனை விலை விசாரிக்கப் போயிருந்தார். ராம்ப்ரசாத் கோயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். மோகன்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தரணி வந்தாள்.

“நைனா, எதுனா துன்னியா? கூப்பன் குடுத்தனே.”

“என் லைன் மியூட்டாமே.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

“யாரு சொன்னது, யஸ்வந்தா? அவன் வாயில...”

“காலைல சவுண்ட் செக்குலயே வெச்சிட்டீங்களா?”

“போன மாசமே. ஃபைலு வந்தப்பவே.”

“யாரு சொல்லி?”

“நான் சொல்லி.”

மேடையில் அடுத்த குழு ஆரம்பித்தது. எல்லைக்கல் லேசாக அதிர்ந்தது. கல் அதிர்வதை அவர் பார்த்தார். தரணி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“நீ தனியா வாசிச்சு அனுப்புனியே, அந்த ஃபைல நான் கேட்டேன் நைனா. ஆபீஸ்ல, ஹெட்ஃபோன் மாட்டிக்கினு. பாட்டு இல்ல, டிரம்ஸ் இல்ல, நீ மட்டும்தான். மூணு பாட்டும்.”

இத்தனை வருஷம் அவர் கேட்கத் துடித்த கேள்வி ஒன்று இருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கேட்டார்.

“எப்டி இருந்துச்சு?”

“கேவலமா இருந்துச்சு.”

யாரும் அவரிடம் இவ்வளவு சுருக்கமாக விமரிசனம் சொன்னதில்லை.

“மொதல்ல ரெக்கார்டிங் தப்புன்னு நெனச்சேன்,” என்றாள் தரணி. “அப்பறம் மறுபடி கேட்டேன். மறுபடி. அஞ்சாறு தடவ கேட்டிருப்பேன். யஸ்வந்தைக் கூப்ட்டு ஒக்கார வெச்சு, இங்க எந்த வெரலு, அங்க எந்த வெரலுன்னு கேட்டேன். ஆள்காட்டி வெரலு, நடு வெரலு வர்ற எடத்துல நீ ஒரு தப்பு பண்ணல நைனா. கடிகாரம் மாரி வாசிச்சிக்கீற. மோதிர வெரலு, சுண்டு வெரலு வர்ற எடம் எல்லாம் காலி. எல்லா பாட்டுலயும். எத்தினி நாளா கீது இது?”

“எது?”

“நைனா.”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“அம்மாக்குத் தெரியுமா?”

“அவ நிதானம் வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு கீறா.”

தரணி சிரிக்கவில்லை. “அப்பவே சொல்லிருந்தா ஸ்லாட்ட வேற யாருக்காச்சும் குடுத்திருப்பேன்னு நெனச்ச. அதானே?”

“குடுத்திருப்ப இல்ல?”

“குடுத்திருப்பேன்,” என்றாள். “அப்பறம் உன்ன டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயிருப்பேன். இப்ப ரெண்டும் பண்ணாம ஒரு மாசம் ஓட்டிட்டேன். இந்த ரெண்டு நாளு முடியட்டும், முடியட்டும்னு. நானும் ஒண்ணும் லேசுப்பட்டவ இல்ல.”

மகளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது தலைக்குள்ளேயே நின்றது. எழுபதாயிரம் வாட் என்று போர்டு போட்ட ஸ்பீக்கர்கள் வெளியே இரைந்துகொண்டிருந்தன. பெயர் தெரியாத ஒரு பையனின் பேஸ் கிடார், நிஜமோ சிஸ்டமோ, தரை வழியாக வந்து நாற்காலியின் நாலு காலையும் தடதடக்க வைத்தது.

“கையக் குடு.”

கொடுத்தார். அவள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

“கண்ண மூடிக்கோ. தொட்டா சொல்லு.”

மூடிக்கொண்டார்.

“இப்ப?”

“தெரியுது. ஆள்காட்டி வெரலு.”

“இப்ப?”

“நடு வெரலு.”

“சரி. இப்ப?”

கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. “தெரியல,” என்றார்.

“இப்ப? அழுத்தறேன்.”

“தெரியல.”

“இப்ப?”

இரண்டு தடவை தெரியவில்லை என்று சொன்னவர் மூன்றாவது தடவையும் அதையே எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் மூன்று முறை ‘தெரியாது’ சொன்ன குமாஸ்தாவுக்கு அவரே மெமோ கொடுத்திருக்கிறார்.

“தெரியுது,” என்றார். “சுண்டு வெரலு. லேசா.”

பேனா மூடி க்ளிக் என்று மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது அவர் கைக்குப் பக்கத்தில் கேட்கவில்லை, அவள் மடியருகே கேட்டது; கடைசித் தடவை பேனா அங்கேயேதான் இருந்திருக்கிறது. பிறகு அவள் போனில் யாரையோ கூப்பிட்டாள். திருப்பதியில் ஒரு நரம்பு டாக்டர், திங்கட்கிழமை, காலையிலேயே, மொதல் டோக்கன் கெடைக்குமா, பேஷன்ட் பேரு மோகன்ராஜ், வயசு அம்பத்திமூணு, ஆமா, ரெண்டு வருஷமா. ஆமாங்க, இப்பதான் தெரிஞ்சுது. இல்லீங்க, அவுரு சொல்லல.

“கண்ணத் தொறக்கட்டுமா?” என்றார் மோகன்ராஜ்.

“இரு நைனா,” என்றாள். “லைன்ல கீறேன்.”

அவர் மூடியபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய கை இன்னும் அவள் கையில்தான் இருக்கிறதா என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.